இலவம்பஞ்சுச் சட்டை

கடையநல்லூர் கிதிர் முகம்மதுக்குத் தறியும் ஓட்டத் தெரியும், மெத்தையும் தைக்கத் தெரியும். சீசன் காலத்தில் மனைவி ஜன்னத்தோடு குற்றாலத்தில் தங்கி, பங்களாக்களுக்கு மெத்தை, தலையணை தைத்துக் கொடுப்பார். சாரல் ஓய்ந்ததும் கைலிக் கட்டோடு தூத்துக்குடிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் வெகு தூரத்தில்தான் நங்கூரமிட்டு நிற்கும். ஒற்றை ஆள் வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டே போய்க் கப்பல்காரர்களுக்குக் கைலி விற்பார். மலையடிவாரத்து மனுஷனுக்கு நடுக்கடலில் வியாபாரமா என்று துறைமுகத்தில் சிரித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒருநாள் வள்ளம் கவிழ்ந்தது. நீச்சல் தெரியும், ஆனால் அலையில் வள்ளத்தை நிமிர்த்தத் தெரியவில்லை. துடுப்பு போன திசை தெரியவில்லை. வள்ளத்தின் அடிப்புறத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவரை, சரக்கேற்றி வந்த தோணிக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். தோணியை நடத்திவந்த தண்டல் மிக்கேல் திட்டவில்லை. "நாங்க இந்தப் பக்கம் வரலன்னா என்ன செஞ்சிருப்பீரு, பாய்?" என்று மட்டும் கேட்டார்.

கிதிர் ஊருக்கு வந்து நடந்ததை மறைக்காமல் ஜன்னத்திடம் சொன்னார். போகாதீர்கள் என்று அவள் தடுக்கவில்லை. மெத்தைக்கு வைத்திருந்த இலவம்பஞ்சு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். பிறகு, இந்தப் பஞ்சு தண்ணீரில் மிதக்குமா என்று கேட்டாள்.

மிதந்தது. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்கினால் கனத்தது. நெருக்கமாக நெய்த துணியில் தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கித் தடவி, அறை அறையாகத் தைத்துப் பஞ்சை அடைத்துக் கையில்லாத சட்டை ஒன்று செய்தார்கள். அடுத்த சீசனில், குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் துறையில், சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கியது ஜன்னத்துதான். குளிக்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் உடம்பைத் தளரவிட்டு மிதந்து பார்த்துவிட்டு, ஈரத்தோடு வந்து சொன்னாள்.

"தல முன்னால கவுருது. நீங்க மயங்கிட்டா மூஞ்சி தண்ணிக்குள்ளதான் கெடக்கும். பெடரிக்கு ஒரு தலகாணி வைக்கணும்."

சட்டையைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். பிடரிக்குத் தடித்த பட்டை ஒன்று வந்தது.

தூத்துக்குடியில் கிதிர் கரையோரத் தண்ணீரில் வள்ளத்தைத் தானே கவிழ்ப்பார், நிமிர்த்துவார், பின்பக்கமாக வயிற்றை அழுத்தி ஏறுவார். ஏறியதும் மறுபடி கவிழ்ப்பார். துடுப்பை, தண்ணீர் இறைக்கும் தகரக் குவளையை, கல் நங்கூரத்தை, குடிதண்ணீர்க் குப்பியை எல்லாம் கயிற்றால் வள்ளத்தோடு கட்டினார். பார்த்தவர்களுக்குப் பொழுது போயிற்று. அவர் விடவில்லை.

அறுபதில் அந்த நாள் வந்தது. பஞ்சுச் சட்டையோடு கப்பலிலிருந்து திரும்பும்போது, ஓய்ந்துவிட்டதென்று நினைத்த கச்சான் காற்று திடீரென்று ஏறியது. தென்காசிப் பக்கம் சாரலைக் கொண்டுவரும் அதே மேற்குக் காற்று, இங்கே கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. வள்ளம் புரண்டது. கைகள் தம் வேலையை அறிந்திருந்தன. நிமிர்த்தினார், ஏறினார், இறைத்தார். மறுபடி கவிழ்ந்தது. கைலிக் கட்டு போயே போய்விட்டது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை ஓய்ந்தபோது வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மல்லாந்து கிடந்தார். முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னத் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

மூச்சு வந்ததும் மீண்டும் ஏறினார். காற்றோடு மல்லுக்கு நிற்காமல் கல்லை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். சாயங்காலம் காற்று தணிந்தபின் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் முயல்தீவைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டார்.

தேடிப் போவதற்கு மிக்கேல் தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கிதிர் தானே துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார். மிக்கேல் ஓடிவந்து சட்டையைத் தொட்டுப் பிழிந்து பார்த்தார். தன் ஆட்களுக்கும் இதுபோல் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"தைச்சுத் தாரேன் அண்ணாச்சி. ஆனா இது மிதக்கத்தான் வைக்கும், கரை சேக்காது. மொதல்ல எல்லாரும் என்கூட வந்து வள்ளத்தக் கவுத்துப் பழகணும்" என்றார் கிதிர்.

பழகினார்கள். சிரித்தவர்களும் வந்தார்கள். சட்டைக்குக் 'கடையநல்லூர் மெத்தை' என்று பெயரும் வைத்தார்கள். அத்தனை சட்டைகளுக்கும் ஜன்னத்துதான் துணி வெட்டித் தந்தாள். அதுவரை கடலையே பார்க்காதவள். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், கடல் அமைதியாக இருந்தபோது, கிதிர் அவளைச் சட்டை போடவைத்து வள்ளத்தில் ஏற்றினார். ஒருவர் உட்காரும் இடத்தில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் துடுப்புக்குக் கை நீட்டினாள்.

"நீங்க சும்மா இருங்க. நான் போட்டுப் பாக்கேன்."

வள்ளம் முதலில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு நேராகப் போயிற்று.