பங்களாவுக்கு ஒரு குடம் தண்ணீர்

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபோது எனக்கு வாய்த்த வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் நான், அவர், மாமியார், கொழுந்தன். புருஷனிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்ல வேண்டுமென்றாலும் அதை விழுங்கிக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியே பழைய ஜமீன் பங்களா ஒன்று இருந்தது. அதன் தோட்டத்தைப் பார்க் ஆக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். பங்களாவின் பின்பக்க வராந்தாவில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம் என்று சொன்னால் தப்பில்லை. சண்டை அங்கேதான், சமாதானமும் அங்கேதான். தனிக்குடித்தனம் போவோம் என்று நான் அவரை அரித்தெடுத்ததும் அங்கேதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. பங்குனியிலேயே கரிசல் மண் வாய் பிளந்துவிட்டது. பார்க்கில் நடக்கும்போது என் செருப்பு ஒன்று வெடிப்புக்குள் போய், அவர் கையை விட்டுத் துழாவி எடுத்தார். மண் விரிந்தால் சுவர் சும்மா இருக்குமா? வராந்தாச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல், விரல் நுழைகிற அளவுக்கு. பெரிய எஞ்சினியர் வந்து பார்த்துச் சரி என்றதும் இடித்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது பழைய கட்டடம். எனக்கோ, அது போனால் புருஷனோடு பேசவே இடமில்லை.

தினமும் அங்கே நடக்க வருகிற பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் புலம்பினேன். சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர், கையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும்.

"காஞ்சதனாலதான தாயி மண்ணு விரிஞ்சிருக்கு? தண்ணிய ஊத்துனா கூடிரும்லா. ஆளுக்கு ஒரு குடம் கொண்டாங்க."

"சரியா வருமா அண்ணாச்சி?"

"எனக்கென்ன தெரியும்? எப்படியும் இடிக்கப் போறாங்க. ஊத்தித்தான் பாப்பமே."

குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே திருவிழாக் கோலமாகிவிடும் காலம் அது. நான் குடத்தை இடுப்பில் ஏற்றி வாசலைத் தாண்டியதும் மாமியார் மறித்துக்கொண்டார்.

"ஏட்டி, தண்ணிய எங்க கொண்டு போற?"

"பங்களாவுக்கு அத்த. செவுத்தோரம் ஊத்தணும்."

"கேட்டியளா இந்தக் கூத்த! குடிக்கத் தண்ணியக் காணோம், செவுத்துக்குத் தாகம் எடுக்காம்! அந்த ஜமீன் என்ன, உனக்குப் பொறந்த வீடா?"

தெருவே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உங்கள் மகனோடு பேசத்தான் அத்தை என்று சொல்ல முடியுமா? குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

அண்ணாச்சி சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். தீப்பெட்டி ஒட்டும் ஆபீஸில் வேலை முடித்து, பார்க்கில் காலாற உட்கார்ந்துவிட்டுப் போகும் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வெடிப்பு மடக்மடக்கென்று குடித்தது. கொஞ்ச நாளில் வராந்தாக் கீறல் நிஜமாகவே சுருங்க, துள்ளிக் குதித்தோம். மறுநாள் போனால் கிழக்குச் சுவரில் புதிதாக ஒன்று. அங்கே ஊற்றினோம். இப்போது முன்கதவு நிலையில் இறுகிக்கொண்டு சாத்த வரமாட்டேன் என்றது.

"நாம இதக் காப்பாத்துதோமா, கொல்லுதோமா?" என்று என் புருஷன் கேட்டார்.

"தெரிஞ்சா நான் ஏன் கொடத்தோட நிக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

போதாக்குறைக்கு அந்த வாரம் கோடை மழை வேறு கொட்டித் தீர்த்தது. கீறல்களெல்லாம் மயிரிழையாகிவிட்டன. எங்கள் குடத்தாலா, மழையாலா? யாரைக் கும்பிடுவதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எஞ்சினியர் வந்தார். பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எந்த வெடிப்புக்காக என்னை வரச் சொன்னீங்க?" என்று அதிகாரிகளைக் கேட்டார். அவர்கள் சுவரைத் தடவித் தடவித் தேடினார்கள். இடிக்க வேண்டாம், அருமையான கட்டடம், பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார்.

பாதுகாத்தார்கள். பங்களாவைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டு, உள்ளே யாரும் வரக் கூடாது என்று பலகையும் மாட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! வராந்தா உள்ளே பத்திரமாக இருந்தது, நாங்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெயித்தோமா தோற்றோமா என்றே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டங்டங்கென்று வைத்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மாமியார் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு, கொழுந்தனையும் கிளப்பினார்.

"எங்க அத்த?"

"பார்க்குக்கு. வெளக்கு வச்ச பொறவுதான் வருவோம்."

"செம்பு எதுக்கு? அங்கன வேலி போட்டுட்டாங்களே."

"வேலி மனுசனுக்குத்தான ஏட்டி, தண்ணிக்கா?"

வாசலைத் தாண்டியவர் திரும்பினார். "ரெண்டு பேரும் இங்கனயே உக்காந்து பேசுங்க. கத்தணும்னாலும் கத்துங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்த அறையில் முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும்.

"அம்மைக்கு நாம எதுக்குப் பங்களாவுக்குப் போனோம்னு முன்னமே தெரியுமோ?" என்றார் அவர்.

தனிக்குடித்தனப் பேச்சை அன்றைக்கு எடுக்க எனக்கு வாய் வரவில்லை.