காதை நம்பிய உசைர்

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் உசைர் பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போர்டு கிடையாது. அவருடைய காதுதான் போர்டு. வண்டி திரும்பி உள்ளே வருவதற்குள், "ரெண்டாவது பிளக் செத்துடுச்சு, மூடியத் தொற" என்பார். திறந்தால் அப்படித்தான் இருக்கும். திண்டிவனத்திலிருந்துகூட வண்டி வந்தது அந்தக் காதை நம்பித்தான். அது போனால் உசைரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

பட்டறை வைப்பதற்கு முன் அவர் லாரி பாடி கட்டும் ஷெட்டில் இருந்தார். மீசை முளைக்காத வயதில் போனவர். நாள் முழுக்கத் தகரத்தின் மேல் சுத்தியல். காதில் அடைக்கப் பஞ்சுகூட அந்த முதலாளி கொடுத்ததில்லை. கூலி கேட்டுச் சங்கம் கட்டியபோது முன்வரிசையில் நின்றார். வெளியே தள்ளினார்கள். பிறகுதான் பட்டறை. அந்த ஷெட்டுக்குச் சங்கத்து வேலையாகப் போய் வந்தவன் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும்.

அனந்தபுரத்து ஆதவன் சென்னையில் வேலை பார்க்கிறான். பழைய கார் ஒன்று வாங்கி, காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ போட்டான். வண்டியோடு வந்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கும் வேறொன்றை மாட்டினான். அந்த மாதிரிக் கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி, எல்லாமே லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எண்கள். உசைர் அதையும் கற்று வைத்திருந்தார். ஆதவனுக்கு ரேசில் ஓட்ட ஆசை. இந்த வண்டி ஓடினால் அவன் சிநேகிதர்கள் வண்டியும் செஞ்சிக்கு வரும். புது கார்களெல்லாம் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடும் காலத்தில் உசைருக்கு அது வேண்டியிருந்தது.

ஆனால் வண்டி இழுக்கவில்லை.

"பாய், மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா யாரோ பின்னாடி புடிச்சிக்கிட்ட மாதிரி இருக்குது."

"உன் தொப்பைய எறக்கி வெச்சுட்டு ஓட்டு. பறக்கும்."

கிண்டல் பண்ணினாரே தவிர விடவில்லை. பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் பார்த்தார், சரி. வண்டி ஓடும்போது பேட்டரி இறங்குகிறதா பார்த்தார், சரி. காற்றுக் குழாயில் ஓட்டை தேடி சோப்புத் தண்ணீர் பூசினார், குமிழி வரவில்லை. பிளக் மாற்றினார். எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினார். கடைசியாக, ஓட்டம் முழுவதையும் லேப்டாப்பில் பதிந்து பார்த்தார். முழுசாக மிதிக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தானாகவே தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. பவர் போனது அங்கேதான்.

காரணமும் அதிலேயே இருந்தது. இஞ்சினுக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பதை நாக்கிங் என்பார்கள். சின்னச் சத்தம்தான். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே உடைத்துவிடும். அதைக் கேட்கத்தான் இஞ்சினில் ஒரு சென்சார். நாக்கிங் இருக்கிறது என்று சென்சார் சொன்னது. கம்ப்யூட்டர் பயந்து பின்வாங்கியது.

உசைர் நம்பவில்லை. அவரிடம் சொந்தமாகச் செய்த கருவி ஒன்று உண்டு. செப்புக் குழாயின் ஒரு முனை இஞ்சினில், மறுமுனை டாக்டர் வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பில். ஆதவனை ஓட்டவிட்டு, அதைக் காதில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சின் உறுமல்தான் கேட்டது. நாக்கிங் இல்லை.

"சென்சார் இருக்குதுன்னு சொல்லுதே பாய்?"

"அது பயந்தாங்கொள்ளி. போல்ட்டு ஆடினாகூடக் கத்தும். என் காதுல உழலியே."

போல்ட்டை முறுக்கினார். வேறு சென்சார் போட்டார். அதுவும் அதையே சொன்னது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சென்சார் பேச்சைக் கேட்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டார். வண்டி சீறியது. ஆதவன் அவரைக் கட்டிப்பிடித்தான். இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வண்டியை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மனைவி லுப்னாவைத் திருவண்ணாமலையில் தங்கச்சி வீட்டில் விட அந்த வண்டியிலேயே கிளம்பினார். கோட்டை தாண்டியதும் ஓங்கி மிதித்தார்.

"இன்னா இழுப்பு பாத்தியா!"

"இழுக்கட்டும். இன்னாங்க இது, கடுகு பொரியற சத்தம்?"

"வண்டில ஏறினாலும் உனக்கு அடுப்பு நெனப்புதான்."

"கேட்டதச் சொல்றன். நீங்க மிதிச்சா பொரியுது. கால எடுத்தா நிக்குது."

உசைரின் சிரிப்பு நின்றது. தொழில் தெரியாத ஆள் இதைக் கற்பனையாகச் சொல்ல முடியாது. நாக்கிங் அப்படித்தான் நடந்துகொள்ளும். மறுபடி மிதித்தார்.

"இப்ப?"

"பொரியுது."

காலை எடுத்தார். "இப்ப?"

"இல்ல."

செப்புக் குழாய்க் கருவியை லுப்னாவின் காதில் மாட்டி இன்னொரு தடவை மிதித்தார். இன்னும் பளிச்சென்று கேட்கிறது என்றார் லுப்னா. வண்டியை ஓரம் கட்டினார்.

"எத்தினி நாளா லுப்னா?"

"எது?"

"என் காது."

லுப்னா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். "குக்கர் விசில் உட்டா உங்களுக்குக் கேக்காது. பின்னாடி நின்னு கூப்டா திரும்ப மாட்டீங்க. கோவம்னு நெனச்சன். ஷெட்ல வேலை போனதுலேர்ந்து மனுசன் இப்டி ஆயிட்டாருன்னு நெனச்சன். அப்பறம் பின்னாடி நின்னு பேசறதையே உட்டுட்டன்."

வேலை போனதால் வந்ததல்ல அது. வேலை செய்ததால் வந்தது. மெல்லிய சத்தங்களைச் சுத்தியல் ஒவ்வொன்றாகத் தின்றிருக்கிறது. கனத்த சத்தங்கள் மிச்சமிருந்ததால் அவருக்கே தெரியவில்லை.

ஆதவன் வந்தபோது உசைர் சென்சாரைப் பழையபடி வேலை செய்ய விட்டிருந்தார்.

"அது சொன்னது நெசம், தம்பி. உன் டர்போவுக்கு இந்தப் பெட்ரோல் தாங்கல. பவர் இவ்ளோதான்."

"முந்தாநாள் இழுத்துச்சே பாய்?"

"முந்தாநாள் உன் இஞ்சின ஒடைக்கப் பாத்தன். எனக்குக் காது கேக்கல."

ஆதவன் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "அதான் சென்சார் இருக்குதே, அத வெச்சே பண்ணுங்க பாய்."

"சென்சார் பொய் சொல்ற நாளும் வரும். அன்னிக்கு எது பொய்னு நான் எப்டிக் கண்டுபுடிப்பன்? காது கேக்கறவன்கிட்ட எடுத்துட்டுப் போ."

அவன் எடுத்துக்கொண்டு போனான். சிநேகிதர்கள் வண்டி வரவில்லை. விழுப்புரத்து டாக்டர், போனது திரும்பாது என்றார். இப்போது வண்டி வந்தால், கழற்றிப் பார்த்துத்தான் சொல்வேன் என்கிறார் உசைர். பாதிப் பேர் காத்திருப்பதில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவர் லுப்னாவிடம் கேட்டிருக்கிறார்: "இத்தினி வருசமா பின்னாடி நின்னு இன்னா சொன்ன?"

"எல்லாம் சும்மாப் பேச்சுங்க. ஞாபகம் இல்ல."

"ஒண்ணாவது சொல்லேன்."

லுப்னா சோறு போட்டார். உசைர் சாப்பிடாமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.