மஞ்சள் தாள் சிவந்த தண்ணீர்

கோயில் ஊர் ஒன்றின் நெசவாளர் தெருவில், பள்ளி விட்ட பிறகு நடக்கும் மாலை வகுப்பில் பிள்ளைகளோடு அறிவியல் சோதனைகள் செய்வது என் வேலை. போன ஆடியில் ஒரு நாள் மஞ்சள் தாள் செய்தோம். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, உலர்த்தி, பட்டை பட்டையாக வெட்டினோம். சோப்பு நீர் பட்டால் அது சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். அதைப் பார்த்ததும் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் ஆளுக்கொரு சிறு பாட்டிலில் கொண்டுவந்தார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாள் மட்டும் செங்கல் நிறத்துக்கு வந்தது. மற்றவை மஞ்சளாகவே இருந்தன. கோயில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிவப்பென்றால் குங்குமம். அவள் ஜெயித்துவிட்டதாக அவர்களே முடிவு செய்தார்கள். அவளும் ஈரத் தாளைக் கிள்ளி நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"உங்க வூட்ல இனிமே குங்குமம் வாங்கவே வேணாம்டி. மோட்டார் போட்டா போதும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவள் வீட்டில் போர் தண்ணீர்தான். பின்சுவரை ஒட்டி ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்கிய பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள். அந்தக் கழிவுநீர் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது. தாள் காரம் இருப்பதைச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. பாட்டிலிலேயே சோப்பு ஒட்டியிருக்கலாம். நன்றாகக் கழுவி மறுபடி கொண்டுவரச் சொன்னேன். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினேன்.

இருட்டுவதற்குள் அவள் அம்மா வந்தார். உள்ளே வரவில்லை.

"அந்தப் பட்டறையிலதான் சார் அவரு வேலை செய்யறாரு. நாங்க இருக்கற வூடும் மொதலாளியோடதுதான். தண்ணி கெட்டுப்போச்சுன்னு இங்க சொல்லிக்கினு இருந்தா நாங்க எங்க போறது?"

"குடிக்கற தண்ணிம்மா. லேப்ல குடுத்துப் பார்த்துடலாம்."

"பார்த்துட்டு?"

முடிவு வந்தால் அதை யாரிடம் கொண்டுபோவது என்று நானும் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் அவள் பாட்டிலோடு வந்தாள். தாள் மஞ்சளாகவே இருந்தது.

"கேன் தண்ணிபா இது. அவ மூஞ்சியப் பாரு," என்றான் ஒருவன்.

"எங்க வூட்டுதுதான்," என்றாள். பிறகு, மனப்பாடம் ஒப்பிப்பது போல, "நேத்து பாட்டில்ல சோப்பு இருந்துது சார்."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பின், பையிலிருந்து பள்ளிக்குக் கொண்டுபோகும் பெரிய பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அது எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி சார். பக்கத்து வூட்ல கேன் தண்ணி ஒரு டம்ளர்தான் குடுத்தாங்க."

அண்ணாந்து, பாதி பாட்டில் வரை குடித்தாள்.