மச்சான் மடியில் இருந்த கண்ட்ரோலர்

அந்த வீடியோ கேம் கண்ட்ரோலரின் இரண்டு கைப்பிடிகளிலும் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருக்கும். சுற்றியது என் அக்கா. எத்தனை சுற்று, முடிச்சு எங்கே என்று கட்டிலில் இருந்தபடி உத்தரவு போட்டது அவள் வீட்டுக்காரர், என் மச்சான். ஜீப் ஸ்டீரிங்குக்கும் அவர் அப்படித்தான் சுற்றுவார். வேர்வையில் கை வழுக்காதாம். இங்கே வழுக்கியது வேர்வையால் அல்ல. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டுக்கொண்டிருந்தன. டியூப் நாடா அதைத் தடுத்துவிடும் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பியதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மச்சான் மார்க்கையன்கோட்டைக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டினார். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலை ரோட்டில் ஏறுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து அவரவர் ஊரில் இறக்குவார். அவர் வண்டி என்றால் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடித் தூங்கலாம் என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். முதலில் அவருக்குச் சாவியைத் திருப்ப முடியாமல் போனது. பிறகு கியர் போடும்போது கை நழுவியது. ஒருநாள் மெட்டில் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஏறியிருந்தவர்களை வேறு ஜீப்பில் அனுப்பிவிட்டு, இன்னொரு டிரைவரை வரவழைத்து வண்டியை முதலாளி வீட்டில் விடச் சொன்னார். தான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். மதுரையில் டாக்டர் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தபோது மச்சான் குறுக்கிட்டார். "மழுப்பாமச் சொல்லுங்க சார். முன்னால ரோடு இல்லைன்னா இல்லைன்னு தெரியணும்ல." தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே வருகின்றன, இதற்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். மச்சான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வீடியோ கேம் என் யோசனை. நான் தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். எங்கள் சொந்தத்தில் யாரும் என்னைக் கேட்காமல் ஒரு செல்போன்கூட வாங்கமாட்டார்கள். அதில் எனக்குப் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு உண்டு. நான் விளையாடிக்கொண்டிருந்த கேம் பெட்டியையும் இரண்டு கண்ட்ரோலர்களையும் எடுத்துவந்து அக்கா வீட்டு டிவியில் மாட்டினேன். ஒயர்லெஸ் என்பதால் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே எதுவும் கிடந்து அக்காவின் காலில் மாட்டாது. மச்சான் மடியில் வைத்துக்கொண்டே விளையாடலாம். "ஒயரே இல்லையே மாப்ள, நான் திருப்புறது அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். மலை ரோட்டில் ஓட்டும் கார் பந்தயம் ஒன்றைப் போட்டுவிட்டேன். கார் கல்லில் ஏறியதும் கண்ட்ரோலர் அவர் கையில் அதிர்ந்தது. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏய், இங்கன வந்து பாரு, ரோடு கைக்கு வருது" என்று அக்காவைக் கூப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்றுதான்.

ஞாயிறுதோறும் நான் போய்விடுவேன். ஆரம்பத்தில் அவர் எட்டாவது வந்தார், ஆறாவது வந்தார். தோற்றால் வண்டியைக் குறை சொல்லமாட்டார். "வளைவுக்கு முன்னாலயே பிரேக்க விட்டுட்டேன் மாப்ள, தப்பு எம்மேலதான்" என்பார். பிறகு கண்ட்ரோலரில் காரைத் திருப்பும் குமிழைத் தள்ளக் கட்டைவிரல் மறுத்தது. கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழும், பெட்டியே அதைத் தூக்கி மறுபடி ரோட்டில் வைக்கும். "இது நல்ல ஏற்பாடாருக்கே, மெட்டுல இப்பிடித் தூக்கி வைக்க ஒருத்தரும் இல்ல" என்று சிரிப்பார். அதற்கு மேல் அவரால் சிரிக்க முடியவில்லை. வாராவாரம் கடைசி இடம்தான். ஆனாலும் நான் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "சார்ஜ் போட்டுருக்கா?" என்பதுதான்.

ஒரு ஞாயிறு அக்கா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "ஒரு தடவையாச்சும் அவுக ஜெயிக்கட்டும்டா தம்பி. நீ மெஷினு தெரிஞ்சவன்தான, ஏதாச்சும் செய்யேன்" என்றாள்.

செய்தேன். இரண்டு கண்ட்ரோலர்களும் சேர்ந்து ஒரே காரை ஓட்டும்படி அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. கைக்கு முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் உதவட்டும் என்று வைத்தது. நான் அதைப் போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அதன் அடியில் இன்னொரு கண்ட்ரோலரை வைத்துக்கொண்டேன். முதலில் வளைவுகளில் மட்டும் லேசாகத் திருப்பிவிட்டேன். அவர் ஐந்தாவது வந்தார். அடுத்த வாரம் மூன்றாவது. அதற்கடுத்த வாரம் முதலிடம். அக்கா கேசரி கிண்டினாள். மச்சான் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மச்சான், "கை திரும்புது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். காலில் செருப்பை மாட்டக்கூட முடியாதவர், ஸ்டீரிங் மட்டும் திரும்புகிறது என்றால் நரம்புக்குப் பழகிய வேலை மறக்கவில்லை என்று ஒரு கணக்குப் போட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்கு எங்கள் எல்லோரையும் தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். ஜீப்பை விற்கப் பேசிக்கொண்டிருந்த முதலாளிக்குப் போன் போடச் சொல்லி, "வண்டியக் குடுத்துறாதீக, நான் வந்துருவேன்" என்றார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்த ஓட்டம் பிடித்துப் போயிருந்தது. ஜெயிப்பது நான்தானே.

கண்ட்ரோலர் அவர் மடியிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மத்தியான நேரம். கட்டிலில் மடித்துக் கிடந்த போர்வை மேல் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை. நான் டிவியையே பார்த்துக்கொண்டு வளைவுக்கு வளைவு காரை அடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். கார் முதலாவதாகப் போய் நின்றது. "மச்சான், மறுபடியும் நீங்கதான்" என்றேன். எட்டிப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மடியில் வெறுமனே கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி என் மடியில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"எத்தன நாளா மாப்ள?"

"ரெண்டு மாசமா மச்சான்."

அப்போதே அவருக்கு நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அன்று சொன்னது ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. "தோக்குறதாச்சும் என்னுதா இருந்துச்சு." அவ்வளவுதான், திட்டவில்லை. முதலாளிக்குப் போன் போடச் சொன்னார். நான்தான் எண்ணை அழுத்தி அவர் காதோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வண்டியக் குடுத்துருங்க முதலாளி. நான் வரமாட்டேன்" என்று அவர் சொல்லி முடித்ததும் போனை அணைத்தேன்.

"மச்சான், நானும் ஒரு கை பிடிச்சுக்கிறேன்" என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தால் அது உதவி. சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பாரோ என்னவோ. சாவைப் பற்றியே மழுப்பாமல் கேட்டு வாங்கிக்கொண்ட மனிதரிடம், ஒரு விளையாட்டில் தோற்கிறார் என்பதை மறைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அக்கா கேட்டாள் என்று அவள் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை. துண்டை விரித்தவன் நான்.

அதற்குப் பிறகு அவர் கண்ட்ரோலரைத் தொடவில்லை. அதுகூடப் பெரிதில்லை. யார் நல்லது சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராமல் போனதுதான் பெரிது. மூச்சு இன்றைக்குப் பரவாயில்லை என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னால் நர்ஸைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். அவருடைய மகள், அப்போது ஐந்தாவது படித்தாள், கணக்கில் முதல் மார்க் வாங்கிய பேப்பரை நீட்டினாள். "நெசமாவே நீதான் எழுதுனியா?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை முகம் விழுந்துவிட்டது. பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவளைத் தேடி நான் போனேன். என்னைக் கண்டதும் அவள் பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. பேச்சு நின்று பல நாளாகியிருந்தது, கண் மட்டும்தான் அசையும். அக்கா அவர் கடைவாயைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். "நானும் புள்ளையும் நல்லாருப்போம். நான் பாத்துக்கிருவேன். நீங்க எதையும் நெனச்சு மருகாதீக." அவளுடைய கவனமெல்லாம் துணியிலும் அவர் வாயிலும் இருந்தது. மச்சானின் கண் அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. நெசமா என்று கேட்கும் கண். நான் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்ப அது எங்கள் பக்கம் வரவில்லை. பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா இப்போது அதே மெட்டில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள், வேறொருவர் ஓட்டும் ஜீப்பில். காய் எடுத்து எடுத்து நகக்கண்ணெல்லாம் வெடித்திருக்கிறது. பிள்ளை பத்தாவது வந்துவிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சுக்கு நடுவில் அக்கா அதைக் கேட்டுவிடுகிறாள்.

"நாங்க நல்லாருப்போம்னு சொன்னேன்லடா, அத அவுக நம்பித்தான போனாக? நீ எதுக்கதான நின்ன."

"நம்பித்தான் போனாகக்கா" என்கிறேன்.

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்து போகிறாள்.