வெளியூர்ப் பலகையில் ஒரு பெயர்

லிஃப்ட் பழுது பார்க்க ஆள் வந்திருப்பதாகக் கேட்டுக் கதவைத் திறப்பவர்கள், முதலில் அவள் தோளைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். "எட்டிப் பாக்காதீங்க, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே நுழைந்துவிடுவாள். எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. இருபது வருடமாகப் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போகிறவள். நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் கணவரே, "எப்போ கிளம்பறே?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவளை வயிறு படுத்தி எடுத்தது. எட்டு வருடமாக வயிற்றுப்போக்கு, சோகை, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. பார்த்த டாக்டரெல்லாம் "மனசுல கவலை வெச்சுக்காதீங்க" என்று அனுப்பினார்கள். ஒன்பதாவது வருடம் ஒரு டாக்டரம்மா குடலில் துளி சதை எடுத்துச் சோதித்துப் பார்த்து, சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பே தன் குடலைக் கெடுத்துக்கொள்ளுமாம்.

"மாத்திரை?"

"கிடையாதும்மா. ஆயுசுக்கும் ஒரு துணுக்குகூடக் கூடாது. அதுதான் மருந்து."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கவலையே இல்லாதவளை எட்டு வருடம் கவலைக்காரியாக்கி வைத்திருந்தார்களே!

கணவர் தையல்காரர். சின்ன ரைஸ் குக்கர், தட்டு, கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு பை தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் அவள் சிவப்பு டேப் ஒட்டினாள். லிஃப்ட் தொழிலில் சிவப்பு டேப் ஒட்டிய ஸ்விட்சை வேறு யாரும் தொடக் கூடாது, உள்ளே ஆள் வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

அப்படியும் ஒருமுறை ஏமாந்தாள். ஒரு விடுதியில் வெறும் உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பிச் சாப்பிட்டாள். ரொட்டித்தூள் புரட்டிய கட்லெட்டும் அதே எண்ணெயில் வெந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது ஆபீஸ் சுவரில், வெளியூர் போகிறவர்கள் பலகையில், அவள் பெயர் அழிக்கப்பட்டிருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க" என்றார் மேனேஜர்.

"இன்னும் ஒரே ஒரு வேலை குடுங்க சார். ஒருநாள் படுத்தாலும் நானே வந்து போன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பதினாலு மாடி ஆஸ்பத்திரி, நாலு லிஃப்ட், பத்து நாள் வேலை. அங்கே கேன்டீன் தலைமைச் சமையல்காரருக்குக் குக்கரைக் கண்டதுமே முகம் சுண்டிவிட்டது. "என் சமையல் மேல நம்பிக்கை இல்லையா?" என்று தினமும் கேட்பார். "உங்க மேல இருக்கு. உங்க கரண்டி மேலதான் இல்ல" என்பாள் இவள்.

அவள் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. பத்தாம் நாள் வேலையை ஒப்படைக்க மேனேஜரே வந்தார். மதியம் சமையல்காரர் பெருமையோடு ஒரு ஆம்லெட் கொண்டுவந்து வைத்தார்.

"முட்டையும் வெங்காயமும்தான், வேற ஒண்ணும் இல்ல."

"எந்தக் கல்லுல போட்டீங்க?"

"ரொட்டி வாட்டற கல்லுலதான். நல்லாத் தொடச்சிட்டேனே!"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். மேனேஜர் குனிந்து, "ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா? பெரிய மனுஷன் மனசு நோகுதில்ல? இப்படி எல்லார்கிட்டயும் மல்லுக்கு நின்னா உங்களை எப்படி வெளியூர் அனுப்பறது?" என்றார்.

பலகையில் பெயர் எழுதுவதும் அழிப்பதும் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும், "மனசு நொந்தா சாயங்காலம் சரியாயிடும் சார். என் குடலுக்கு மாசக்கணக்காகும். சாப்பிட மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

சாப்பாட்டு வண்டி ஏற்றவேண்டிய லிஃப்ட் கதவு மூடவில்லை என்று அப்போது ஆள் ஓடி வந்தார். மூவரும் போனார்கள். அவள் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரால் கிளறினாள். பட்டாணி அளவு ஒரு கல் வந்தது. கதவு மூடியது.

"இத்துனூண்டா?" என்றார் சமையல்காரர்.

"இத்துனூண்டுதான். பதினாலு மாடியும் பட்டினி கிடந்திருக்கும்."

அவர் அந்தக் கல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அடுத்த தடவ வரும்போது சொல்லுங்க. உங்களுக்குன்னே புதுசா ஒரு தோசைக்கல்லு வாங்கி வைக்கறேன்" என்றார்.

"சிவப்பு டேப் நான் கொண்டு வரேன்."

மேனேஜர் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனாள். பலகையில் எழுத வைத்திருந்த பேனாவை ஒதுக்கிவிட்டு, பைப்பில் அடையாளம் போடும் தடித்த பேனாவை எடுத்து, முதல் வரிசையில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். மேனேஜர் பதறி எழுந்தார்.

"ஐயோ, அது அழியாதும்மா!"

"தெரியும் சார்" என்று பேனாவை மூடினாள்.