ஓடுகிற வண்டியைக் காட்சிக்கு வைத்தார்கள்

1. அக்காவும் தங்கச்சியும்

மெயின்லேண்டில் ஒரு பெரிய நகரத்துத் தீயணைப்புத் துறை, புது வண்டிகள் வந்ததும் பழையவற்றைக் கழித்துக் கட்டியது. அதில் இரண்டு கப்பலேறி எங்கள் தீவுக்கு வந்தன. ஒரே மாடல், ஒரே சிவப்பு, கயிறு இழுத்து அடிக்கும் பித்தளை மணி. பாம்பூஃப்ளாட் ஸ்டேஷனில் நான் டிரைவர் கம் பம்ப் ஆபரேட்டர். முதலில் வந்தவளை அக்கா என்றும் அடுத்தவளைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டோம். உப்புக் காற்றில் தங்கச்சியின் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அவளிடமிருந்து பாகங்களைக் கழற்றி அக்காவை ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரே செல்ஃபில் கிளம்புவாள்.

நான் ஓய்வு பெறச் சில வருடம் இருக்கும்போது ஹெட் ஆபீசுக்கு ‘விண்டேஜ்’ ஆசை வந்தது. எதிர்க்கரையில், போர்ட் பிளேர் ஆபீஸ் வாசலில் மேடை கட்டி, ஒரு பழைய வண்டியை ஏற்றி வைக்க வேண்டுமாம். நல்லதுதான், தங்கச்சியைக் கொண்டு போங்கள், பெயின்ட்கூட நானே அடித்துத் தருகிறேன் என்றேன்.

ஹெட் ஆபீசில் இருந்த ஆபீசர் நல்ல மனிதர். ஆனால் எந்த விஷயத்திலும் எது சுலபம் என்றுதான் முதலில் பார்ப்பார். தங்கச்சிக்கு கிரேன் வேண்டும், கிரேனை யாரிடம் கேட்பது, ஃபெர்ரியில் எப்படி ஏற்றுவது என்று அடுக்கினார். கடைசியில், “ஜோ சல்தா ஹை, வஹி ஆயேகா” என்று முடித்துவிட்டார். ஓடுகிறது எதுவோ அதுவே வரட்டும்.

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஆட்களுக்கும் இதே கதிதான். ஓடுகிறவனை எல்லா இடத்துக்கும் கூப்பிடுவார்கள், ஓடாதவன் ஸ்டேஷனில் பத்திரமாக இருப்பான். அப்படியானால் பாம்பூஃப்ளாட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். புது வண்டி அடுத்த கப்பலில் வருகிறது என்றார்கள். எந்தக் கப்பல் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவை நானே ஓட்டிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினேன். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, லட்டு கொடுத்தார்கள்.

2. தள்ளிக்கொண்டு போன வண்டி

அடுத்த மாதம், பட்டப்பகலில், ஜெட்டி ரோட்டில் ஆரோக்கியம் அண்ணாச்சியின் கடை பற்றிக்கொண்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மீனவர்களுக்கு வலையும் நைலான் கயிறும் தெர்மகோல் பெட்டியும் விற்றுப் பிழைத்தவர். தீ தின்பதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல அத்தனையும் உள்ளே இருந்தது.

தங்கச்சியின் டேங்கில் தண்ணீர் நிறைய இருந்தது. பெங்காலி, தெலுங்கர், மலையாளி என்று கடைத்தெருவே சேர்ந்து, “தக்கா மாரோ” என்று கத்திக்கொண்டு அவளைத் தள்ளியது. கடை வாசலுக்கும் வந்துவிட்டாள். ஆனால் இன்ஜின் ஓடினால்தானே பம்ப் சுற்றும்? அடியில் டேங்கை வடிக்க இருக்கும் வால்வைத் திறந்து, தீயணைப்பு வண்டியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். என் சர்வீஸில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

போர்ட் பிளேரிலிருந்து வந்த பெரிய வண்டி அக்கரையில் சாத்தாம் ஜெட்டியில் ஃபெர்ரிக்காக நின்றது. ஃபெர்ரி எங்கள் கரையில் நின்றது. வண்டி வந்து சேர்ந்தபோது பக்கத்துக் கடைகள் தப்பியிருந்தன. அண்ணாச்சி கடையில் இரும்பு ஷட்டர் மட்டும் மிச்சம்.

அவர் அழவில்லை. “மணி அடிச்சுக்கிட்டு ஓடுமே, அந்த வண்டி எங்கவே?” என்று மட்டும் கேட்டார். காட்சிக்கு வைத்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

3. மேடையில் ஒரு செல்ஃப்

மறுநாளே அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு ஹெட் ஆபீசுக்குப் போனார். வாசலில் டூரிஸ்ட்கள் அக்காவோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த மாலை இன்னும் பானெட்டில் தொங்கியது. ஆபீசர் வெளியே வந்து, வருத்தமாக இருக்கிறது, ஆனால் அது பழைய வண்டிதானே, இருந்தாலும் என்ன செய்திருக்கும் என்றார்.

“ஏறி ஸ்டார்ட் பண்ணும்வே,” என்றார் அண்ணாச்சி என்னிடம்.

ஆபீசர் தடுக்கவில்லை. ஏறினேன். ஒரே செல்ஃப். மேடையே அதிர்ந்தது. போட்டோ எடுத்தவர்கள் விலகி நின்றார்கள்.

“உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்கு சார் மாலை போட்டு வச்சிருக்கீங்க?” என்றார் அண்ணாச்சி.

ஆபீசர் உள்ளே போய் போன் எடுத்தார். அந்த வாரமே கிரேன் கிடைத்துவிட்டது. கிடைக்கவே கிடைக்காது என்ற அதே கிரேன்தான். தங்கச்சி மேடைக்குப் போனாள், அக்கா வீடு திரும்பினாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டில் ஒன்றைத் தூக்கி வைக்கும்போது, எது சுலபமாக நகரும் என்று பார்க்காதீர்கள். எது இல்லாவிட்டால் யார் வயிற்றில் அடி விழும் என்று பாருங்கள்.

ஃபெர்ரியிலிருந்து இறங்கி ஜெட்டி ரோட்டில் வரும்போது ஆட்கள் கை தட்டினார்கள், மணி அடிக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி, கருகிய ஷட்டருக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, நாலு சுருள் கயிறு வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளருக்குக் கயிறு அளக்கத் திரும்பிக்கொண்டார். நான் மணியைத் தொடாமல் ஓட்டிக்கொண்டு போனேன்.