இரண்டு ஆள் போட்ட கியர்

என் வீட்டுக்காரரின் அஸ்தியைக் கரைக்கப் புறப்பட்ட காலையில், அவருடைய படகு கியர் விழாமல் நின்றுவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் உறுமியது. என் மகன் பெரியவன் கியர் பிடியை முன்னால் தள்ளுகிறான், படகு கட்டிய இடத்திலேயே ஆடுகிறது. மடியில் கலசத்தை வைத்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"சீக்கிரம் பாருங்கலா! தண்ணி இறங்குது. இன்னும் ஒரு மணி நேரம் போனா ஆத்து வாயில வெறும் மண்ணுதான்" என்று படகுத்துறை ஜெட்டியிலிருந்து, சடங்கு செய்ய வந்த பண்டாரம் கத்தினார்.

வேறு படகு பிடித்திருக்கலாம். எங்கள் ஊர் தங்கா பத்து கரையில் படகுக்கா பஞ்சம்? ஆனால் மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே சொல்லிவிட்டார்: "என்னை வேறவன் போட்டுல ஏத்திராத." பொம்பளை கடலுக்குப் போகக்கூடாது என்று என் நாத்தனார் வீட்டிலேயே ஆரம்பித்தாள். நான் போகாவிட்டால் யார் போவது? என் மகன்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஆறு வருஷமாகிறது. சின்னவன் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டினான், பெரியவன் கல்யாணத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. ஒருவனுக்கு வீடு புக்கிட் ரம்பாய் பக்கம், ஒருவனுக்குப் புக்கிட் காத்தில் பக்கம். இடையில் தபால்காரி நான்.

எனக்கு எழுத்துத் தெரியாது, இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் அந்தப் படகு தெரியும். மற்றவர்கள் பின்னால் எஞ்சினையே தொங்கவிடுவார்கள். எங்களுடையதில் கார் எஞ்சின் மாதிரி ஒன்று வயிற்றுக்குள் இருக்கும், கால் மட்டும் பின்னால் தண்ணீருக்குள் இறங்கும், காலின் நுனியில் விசிறி. அவர் மீன் பிடிக்கிறவர்களை ஏற்றிப்போன காலத்தில், கியர் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் விடமாட்டார். தீய்ந்த குழம்பை அவரே சாப்பிட்டும் தீர்ப்பார், அது வேறு கதை. கியர் விழுகிறதா என்று பார்க்கிற சோதனைக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும்.

"எஞ்சினை அடைங்க. சின்னவனே, தண்ணியில இறங்கி விசிறியைக் கையால சுத்து. பெரியவனே, நீ கியரைத் தள்ளு" என்றேன்.

"சும்மா சுத்துதும்மா" என்றான் சின்னவன், இடுப்பளவு தண்ணீரில் நின்று. கியர் விழுந்திருந்தால் ஒரு பக்கமாவது விசிறி பிடிக்க வேண்டும்.

"சும்மா சுத்துதாம்" என்றேன் பெரியவனிடம். மூன்றடி தூரத்தில் இருந்தவனுக்குக் கேட்காமலா இருக்கும்?

"எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லும்மா" என்றான் பெரியவன்.

"திறக்கணுமாம்டா."

"அலமாக், காதுல விழுந்துச்சும்மா!"

சின்னவன் படகில் ஏறி மூடியைத் திறந்து, பிடியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றினான். பிடி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அப்படியென்றால் கோளாறு அங்கே இல்லை. எஞ்சினிலிருந்து காலுக்குப் போகிறதே, அந்தக் கேபிளைத் தள்ளிப் பார்த்தான். வரவில்லை. உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் பல்லைக் கடித்துத் தள்ளினான், 'டொக்' என்று விழுந்தது. பெரியவன் ஓரத்தில் குனிந்து விசிறியைத் திருகிப் பார்த்தான், பிடித்தது.

புதுக் கேபிளுக்கு ஒரு வாரமாகும். தண்ணீர் அது வரைக்கும் நிற்குமா?

"நான் இங்கேயே குந்தி கையால போடுறேன். ஆனா எனக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. எப்பப் போடணும், எப்ப எடுக்கணும்னு சொல்லச் சொல்லு" என்றான் சின்னவன்.

பெரியவன் வேட்டியை மடித்துக்கட்டிச் சுக்கானுக்குப் போனான். பண்டாரமும் ஏறிக்கொண்டார், எஞ்சினைக் கிளப்பிக் கட்டை அவிழ்த்தோம். "போடச் சொல்லும்மா" என்றான். நான் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். படகு நீரோட்டத்தில் பக்கவாட்டில் ஒதுங்கிப் பாறையைப் பார்த்துப் போனது.

பெரியவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: "டேய்! போடுடா!"

"போட்டாச்சு!"

ஆறு வருஷம் கழித்து அந்த ஒரு 'டா'. மடியில் கலசத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன் என்றால் நம்புவீர்களா? பண்டாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

கரை மெல்லிசாகத் தெரிகிற தூரத்துக்குப் போனோம். "எடு!" "எடுத்தாச்சு!" விசிறி நின்றது. பெரியவன் கலசத்தை வாங்கிக்கொண்டு ஓரத்தில் மண்டியிட்டான். சின்னவனால் எழுந்து வர முடியவில்லை. கையை விட்டால் அந்தத் துருக் கேபிள் வில் மாதிரித் திமிறிப் பழைய இடத்துக்கே போகும். விசிறி சுற்ற ஆரம்பித்தால் அப்பாவின் சாம்பல் அதற்குள்தான் போகும். எஞ்சினை அடைத்துவிடலாம் என்றால், நடுக்கடலில் மறுபடி உயிர் வராவிட்டால்? அதனால் அவன் சூட்டில் குனிந்தபடி, கண்ணில் வியர்வை வழிய, கேபிளைப் பிடித்துக்கொண்டே இருந்தான். முதுகு மட்டும் எங்கள் பக்கம்.

"கரைச்சாச்சாம்மா?" என்று கேட்டான்.

என்னைத்தான் கேட்டான். பெரியவன் பக்கத்திலேயே நின்றான், கையில் வெறும் கலசம். அவன் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கலசத்தையும் கடலில் விட்டுவிட்டுச் சுக்கானுக்குப் போனான்.

"கரைச்சாச்சுடா" என்றேன் நான்.

திரும்பும்போதும் அதே பேச்சுதான். போடு, போட்டாச்சு. எடு, எடுத்தாச்சு. ஜெட்டியை முட்டாமல் நிற்க, "பின்னாடி போடு!" "போட்டாச்சு!" அவ்வளவு. கட்டு போட்டதும் பெரியவன் கால் கழுவி, காரில் ஏறி, போய்விட்டான். சின்னவனின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது. அதைப் பெரியவன் பார்க்கவில்லை.

போன வாரம் சின்னவன் புதுக் கேபிள் மாட்டினான். "தொட்டுப் பாரும்மா" என்றான். ஒரு விரலால் தள்ளினேன், போனது.

"பாத்தியா, இனிமே ஒரு ஆள் போதும்லா."

"நல்லா செஞ்சிருக்கடா" என்றேன். இனி 'போடு' என்று யாரும் யாரிடமும் கத்த வேண்டாம். பிடியை மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கரையேறினேன்.